இலையை மரம் எளிதாகவா விடுகிறது?

நீங்கள் கேட்டிருந்தது இது: 31 ஆண்டு ஆசிரியப் பணியிலிருந்து இவ்வாண்டு ஓய்வு பெற்றீர்கள்; ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு டொராண்டோவில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள்; இது அக்டோபர் மாதம், ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரங்கள் சிவந்து உதிர்கின்றன; பார்ப்பவர்கள் எல்லோரும் ‘மரத்தைப் பாருங்கள், எவ்வளவு எளிதாக இலையை விட்டுவிடுகிறது, நீங்களும் பழையதை விட்டுவிடுங்கள்’ என்கிறார்கள். இதில் உண்மை ஏதேனும் உண்டா, அல்லது ஆறுதலுக்காகச் சொல்லும் பேச்சுத்தானா?

நான் கல்லூரியில் பல ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவன். இப்போது ஆண்டில் பாதியை ஒன்டாரியோவில் மகள் வீட்டில் கழிப்பவன். ஆகவே உங்கள் கேள்வியின் இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கமானவை. மரம் இலையை விடுகிறது என்பது சரி; எளிதாக விடுகிறது என்பது சரியில்லை. நீங்கள் ஜன்னல் வழியே காண்பது, கோடையின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்ட ஒரு நீண்ட வேலையின் கடைசிக் காட்சி. இலை காற்றில் இறங்கும் அந்த ஒரு நொடியை மட்டும் பார்த்துவிட்டுப் பாடம் சொல்பவர்கள், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துவிட்டு ‘சமைப்பது எவ்வளவு சுலபம்’ என்று சொல்பவர்களுக்கு ஒப்பானவர்கள். அடுப்படியில் நடந்ததை அவர்கள் பார்க்கவில்லை.

இலை உதிர்வதற்குக் குளிர்தான் காரணம் என்று நாம் நினைக்கிறோம். குளிர் அந்த வேலையை விரைவுபடுத்தும். ஆனால் முதல் மணியை அடிப்பது பெரும்பாலும் பகற்பொழுதின் நீளம். டொராண்டோவில் ஜூன் மாதத்தில் 15 மணி நேரத்துக்கு மேல் நீளும் பகல், அக்டோபர் நடுவில் ஏறத்தாழ 11 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. ஆண்டுக்கு ஆண்டு வெப்பநிலை முன்பின்னாக மாறினாலும் பகலின் நீளம் மாறுவதில்லை. அதனால்தான் மரம் அதை நம்புகிறது. தெருவிளக்கின் அருகில் நிற்கும் மரங்களில் விளக்கை ஒட்டிய கிளைகள் மட்டும் இலைகளை நெடுநாள் வைத்துக்கொண்டிருப்பதை நியூயார்க் நகரில் கவனித்து 1936-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் தெருவிலும் நவம்பர் தொடக்கத்தில் அதைக் காணலாம். பொய்யான வெளிச்சத்தில் நிற்கும் கிளைக்குக் காலம் மாறியது தெரிவதில்லை.

காலம் மாறுவதை அறிந்ததும் மரம் செய்யும் முதல் வேலை விடுவது அன்று, திரும்ப எடுப்பது. இந்தப் பகுதியைத்தான் நான் வகுப்பில் அதிக நேரம் எடுத்துச் சொல்வது வழக்கம். இலையில் உள்ள நைட்ரஜனின் பெரும்பங்கு, சூரிய ஒளியைப் பிடித்து உணவாக்கும் புரதங்களில் முடங்கியிருக்கிறது. மண்ணிலிருந்து நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தேடி எடுப்பது எந்த மரத்துக்கும் செலவு மிகுந்த காரியம்; அவற்றை இலையோடு வீசியெறிந்தால் வசந்தத்தில் கையிருப்பு இருக்காது. ஆகவே மரம் பச்சையத்தைப் பிரித்துச் செயலிழக்கச் செய்கிறது, புரதங்களைச் சிறு துண்டுகளாக உடைக்கிறது, அவற்றை இலைக்காம்பின் குழாய்கள் வழியாகக் கிளைக்குள் இழுத்துப் பட்டையிலும் தண்டிலும் வேரிலும் சேமிக்கிறது. இலையில் இருந்த நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் ஏறக்குறைய பாதி, பல மரங்களில் அதற்கும் மேல், இலை விழும் முன்பே வீடு திரும்பிவிடுகிறது. செல்சுவர்களில் கட்டுண்டு போன கால்சியம் போன்றவற்றைத் திரும்ப எடுக்க முடியாது. அவை இலையோடு மண்ணுக்குப் போகின்றன. கீழே விழுவது, எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்த பிறகு எஞ்சிய கூடு.

நீங்கள் வியந்து பார்க்கும் நிறங்களும் இந்த வேலையின் அடையாளங்கள்தாம். மஞ்சள் நிறமி கோடை முழுவதும் இலைக்குள்ளேயே இருந்தது. பச்சையம் விலகியதும் கண்ணுக்குத் தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. மேப்பிளின் சிவப்பு, இலை சாகப்போகும் வாரங்களில் இலையிலுள்ள சர்க்கரையைக் கொண்டு புதிதாகத் தயாரிக்கப்படும் சாயம். இன்னும் சில நாட்களில் விழப்போகும் இலைக்குப் புதுச்சாயம் எதற்கு? பச்சையம் கலைக்கப்படும்போது இலைக்குள் விழும் வெயில் ஆபத்தாக மாறுகிறது, பொருள்களை மீட்டெடுத்து முடிக்கும் வரை இலையைக் காப்பாற்ற ஒரு குடை தேவைப்படுகிறது, அந்தக் குடைதான் சிவப்பு என்பது பல ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் மாறி மாறி வந்தால் சிவப்பு கூடுகிறது; செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் அல்கோன்குயின் பூங்காவுக்கு மக்கள் வண்டி வண்டியாகப் போவது அதைப் பார்க்கத்தான்.

எல்லா மரமும் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஆல்டர் என்னும் மரம், ஓடைக்கரைகளில் பார்த்திருப்பீர்கள், நிறம் மாறாமல் பச்சையாகவே இலைகளைக் கொட்டிவிடும். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தந்துகொண்டே இருப்பதால் அதற்குச் சிக்கனம் தேவையில்லை. ‘சட்டென்று விட்டுவிடு’ என்று சொல்பவர்களுக்கு ஏற்ற மரம் ஆல்டர்தான். ஆனால் அதற்குப் பின்னணியில் ஒரு வற்றாத வருமானம் இருக்கிறது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, பிரிவது எப்படி நடக்கிறது என்பதற்கு வருகிறேன். இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில், சில செல்கள் மட்டுமே தடிமன் உள்ள ஒரு மெல்லிய வளையம் உண்டு. அதை உதிர் அடுக்கு என்போம். பல மரங்களில் இலை விரிந்து வளரும் காலத்திலேயே இதன் இடம் குறிக்கப்பட்டுவிடுகிறது, அதாவது வசந்தத்தில் தளிர்க்கும்போதே பிரியும் இடமும் உடன் பிறக்கிறது. ஆனாலும் இலை நலமாக இருக்கும் வரை அந்த அடுக்கு அசையாது, ஏனென்றால் இலைப்பரப்பிலிருந்து ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் இடைவிடாமல் காம்பு வழியே இறங்கி, ‘நான் இன்னும் வேலை செய்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. இலை முதுமை அடைந்து அந்த வரத்து குறையும்போது, உதிர் அடுக்கின் செல்கள் எத்திலீன் என்னும் வாயுவுக்கு இணங்கத் தொடங்குகின்றன. செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையைக் கரைக்கும் நொதிகளை அவையே சுரக்கின்றன. கிளையின் பக்கத்தில் அதே நேரத்தில் தக்கை போன்ற ஒரு காப்புப் படலம் உருவாகிக் காயத்தை மூடுகிறது. கடைசி இழையை அறுப்பது காற்றோ இலையின் சொந்த எடையோ.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். தொட்டியில் வளரும் கோலியஸ் செடியில் ஓர் இலையின் பரப்பை மட்டும் நறுக்கிவிட்டுக் காம்பை விட்டுவையுங்கள். சில நாட்களில் காம்பு தானாக விழுந்துவிடும். நறுக்கிய முனையில் ஆக்சின் கலந்த பசையைத் தடவினால் விழாமல் நிற்கும். எத்திலீனும் நமக்குப் புதியதன்று: வாழைத்தாரைப் புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைத்த நம் வியாபாரிகள், பெயர் தெரியாமலேயே அதைப் பயன்படுத்தியவர்கள். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குக் குழாய்களிலிருந்து கசிந்த வாயுவால் சாலையோர மரங்கள் பருவம் தப்பி இலை உதிர்த்தன. அந்த வாயுவில் இருந்த எத்திலீன்தான் செடிகளைப் பாதிக்கிறது என்று ரஷ்ய அறிஞர் நெல்யூபோவ் 1901-இல் கண்டுபிடித்தார்.

உங்கள் கேள்விக்கு மிகவும் நெருக்கமானது அடுத்த செய்தி. மரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றுள் என்னை இன்றும் நின்று யோசிக்கவைப்பதும் இதுதான். கோடைப் புயலில் ஒரு மேப்பிள் கிளை முறிந்து, முழுக்க விழாமல் மரத்திலேயே தொங்கிக் காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் மரம் முழுவதும் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும்போது, அந்தச் செத்த கிளையில் மட்டும் பழுப்புச் சருகுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். காற்று அடித்தாலும் விழாது; கையால் இழுத்தால் காம்பு கிழியுமே தவிர மூட்டில் கழலாது. காரணம் தெளிவானது: உதிர்ப்பது உயிருள்ள செல்கள் செய்யும் வேலை. நொதி சுரக்க வேண்டும், படலம் கட்ட வேண்டும், அதற்கெல்லாம் ஆற்றல் வேண்டும். செத்த கிளையால் இலையை விட முடியாது. குளிர்காலத்தில் தோட்டக்காரர்கள் மரத்தில் காய்ந்த கிளை எது என்று கண்டுபிடிக்க இதையே அடையாளமாகக் கொள்கிறார்கள்.

அதற்காக, சருகைப் பிடித்துக்கொண்டு நிற்பதெல்லாம் செத்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இளம் ஓக் மரங்களும் பீச் மரங்களும் காய்ந்த இலைகளைப் பனிக்காலம் முழுவதும் விடாமல் வைத்திருந்து, வசந்தத்தில் மொட்டு விரியும் நேரத்தில் உதிர்ப்பவை. ஜனவரியில் வெண்பனிக்கு நடுவே, மரத்தின் தாழ்ந்த கிளைகளில் வெளிறிய காகிதம் போன்ற இலைகள் சலசலப்பதைக் கேட்டால் அது பெரும்பாலும் பீச்தான். அந்த மரங்களில் உதிர் அடுக்கு தன் வேலையை இலையுதிர் காலத்தில் முடிப்பதில்லை. மொட்டுகளை மான் மேயாமல் காக்க, சருகை வசந்தத்தில் தன் காலடியில் எருவாகப் போட, என்று பல விளக்கங்கள் தருகிறார்கள். விளக்கம் எதுவாக இருந்தாலும், மரங்களுக்குள்ளேயே ஒரே கால அட்டவணை இல்லை என்பது மட்டும் கண்கூடு. கிங்கோ மரம் ஒரு கடும் பனியிரவுக்குப் பிறகு ஒரே நாளில் தன் மஞ்சள் இலைகள் அனைத்தையும் கொட்டிவிடும். பீச் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும். இரண்டுமே அடுத்த மே மாதம் பச்சையாக நிற்கும். ‘இன்னுமா ஊர் வீட்டை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்’ என்று யாராவது கேட்டால், நீங்கள் பீச் வகையைச் சேர்ந்தவர் என்று சொல்லிவிடலாம்.

காலம் தாழ்த்துவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அகன்ற இலை பனிக்காலத்தில் பெரும் சுமை: மண்ணில் நீர் உறைந்திருக்கும்போது இலை நீரை வெளியேற்றிக்கொண்டிருக்க முடியாது, விழும் வெண்பனியைத் தாங்கும் தட்டாகவும் இலை மாறிவிடும். 2011 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் வழக்கத்துக்கு முன்னதாகவே கனத்த ஈரப்பனி பெய்தபோது, பெரும்பாலான மரங்களில் இலை இன்னும் இருந்தது. பனி இலைகளில் தங்கி, எடை தாங்காமல் கிளைகள் ஒடிந்து மின்கம்பிகளின் மேல் விழுந்ததில், 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. ஜனவரியில் அதே அளவு பனி விழுந்திருந்தால் மொட்டைக் கிளைகளுக்கு இடையே பெரும்பகுதி தரைக்குப் போயிருக்கும். அந்த மரங்கள் செய்த தவறு என்று ஏதும் இல்லை. பனிதான் அட்டவணையை மீறியது. இருந்தாலும் ஒடிந்தது கிளைதான்.

நம் ஊருக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ‘இலையுதிர் காலம்’ என்ற சொல்லே நமக்குப் பாடப்புத்தகத்தின் வழியாக வந்தது. தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் அப்படி ஒன்று இல்லை. டொராண்டோவில் இலை உதிரும் அதே ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர் காலம். மழையில் நனைந்து மரங்கள் கரும்பச்சையாக நிற்கும் காலம். நம் மரங்கள் உதிர்ப்பது அதற்குப் பிறகு, மண்ணின் ஈரம் வற்றும்போது. முதுமலைக் காட்டின் தேக்குகள் பனிக்காலம் கழியும் முன் மொட்டையாகத் தொடங்கும். வேம்பு பின்பனிக் காலமாகிய மாசி, பங்குனியில் மஞ்சளாகக் கொட்டி, கொட்டிக்கொண்டிருக்கும்போதே செந்தளிர் விட்டு, சித்திரைக்குப் பூத்துவிடும். அங்கே குளிருக்கு அஞ்சி உதிர்க்கிறது, இங்கே வறட்சிக்கு அஞ்சி உதிர்க்கிறது. உதிர் அடுக்கு வேலை செய்யும் முறை ஒன்றுதான். சிவந்த இலையைக் காண மேப்பிளிடம்தான் போகவேண்டும் என்பதும் இல்லை. சென்னைத் தெருக்களில் பாதாம் மரம் என்று நாம் சொல்லும் நாட்டு வாதுமை, ஆண்டுக்கு இரண்டு முறைகூட இலையைச் செக்கச் சிவக்கவைத்து உதிர்க்கிறது. பள்ளி வளாகத்தில் அந்த மரம் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். 31 ஆண்டுகளில் எத்தனை முறை அதன் கீழ் நடந்திருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்று நம்மவர்கள் சொல்வது இந்த விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறது. அந்தப் பழமொழியை எல்லோரும் முதியவரைப் பார்த்து இளையவர் சிரிப்பதாகவே பொருள்கொள்கிறார்கள், அது சரிதான். ஆனால் அது பனையைப் பற்றிய பழமொழி என்பதைக் கவனியுங்கள். தென்னையில் முற்றிய மட்டை தானே கழன்று, தண்டில் ஒரு வளையத் தழும்பை மட்டும் விட்டுவிட்டு விழும். பனையில் காய்ந்த ஓலை நெடுநாள் மரத்திலேயே தொங்கிக் கிடக்கும். ஆள் ஏறிக் கழித்துவிட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் வளரும் இரண்டு மரங்கள், ஒன்றுக்குத் தானாக முடிகிறது, மற்றதற்கு ஒருவர் ஏறி உதவ வேண்டியிருக்கிறது. உதவி வேண்டியிருப்பதைப் பனையின் குறை என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. கழித்த ஓலையில் வேலி அடைத்தார்கள், கூரை வேய்ந்தார்கள்.

இவற்றை உங்கள் நிலைமையோடு எவ்வளவு தூரம் பொருத்தலாம்? ஓர் எல்லைக்கு மேல் பொருந்தாது. மரத்துக்கு நினைவு இல்லை, இலையை விற்ற பத்திரத்தில் அது கையெழுத்துப் போடவில்லை, அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதேபோன்ற இலை வரும் என்ற உறுதி அதற்கு உண்டு. உங்களுக்கு அந்த வீடு திரும்ப வராது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் மரத்தைக் காட்டுவது நியாயமன்று. ஆனால் வேலையின் வரிசை பொருந்துகிறது என்று எனக்குப் படுகிறது: முதலில் மீட்பது, பிறகு மூடுவது, கடைசியில் விடுவது. உங்களிடம் ‘விட்டுவிடுங்கள்’ என்பவர்கள் முதல் இரண்டையும் தாண்டி மூன்றாவதிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். 31 ஆண்டு வகுப்பறையிலிருந்து எதைத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்வது என்று நீங்கள் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. கற்பிக்கும் கையும், ஒரு கணக்கை நான்கு விதமாக விளக்கும் பழக்கமும், பழைய மாணவர்களின் தொலைபேசி எண்களும் நைட்ரஜனைப் போன்றவை. எங்கே போனாலும் உடன் வரும், வேறோர் இலையில் பயன்படும். வீட்டுச் சுவரும் கிணற்றடியும் கால்சியம். அவற்றை எடுத்துக்கொண்டு வர வழியே இல்லை, அங்கேயே மண்ணோடு இருக்கும், இன்னொருவருக்கு உதவும். எது எந்த வகை என்று பிரிக்க ஓர் இலையுதிர் காலம் போதாமல் போகலாம், அதில் தவறில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலை போன பிறகுதான் மொட்டு வரும் என்று பலர் நம்புகிறார்கள், அதாவது காலி செய்தால்தான் புதியது வருமாம். தாவரவியல் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. இந்த வட்டாரத்து மரங்களில் அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகள் கோடையிலேயே, இலை பச்சையாக உழைத்துக்கொண்டிருக்கும்போதே, அந்த இலையின் கக்கத்தில் உருவாகிவிடுகின்றன. உள்ளே அடுத்த ஆண்டின் குட்டி இலைகள் மடித்து வைக்கப்பட்டு, மேலே செதில்கள் போர்த்தப்பட்டு முடிந்த பின்புதான் பழைய இலைக்கு விடை கொடுக்கப்படுகிறது. மகன் வீட்டுக்கு வரவேண்டும் என்று நீங்கள் எண்ணத் தொடங்கியது எப்போது? வேலையில் இருந்தபோதே அல்லவா?

நவம்பர் கடைசியில், இலைகளெல்லாம் விழுந்து, தெருவோரம் பழுப்புக் காகிதப் பைகளில் சருகு கட்டி வைக்கப்பட்டிருக்கும் நாட்களில், ஒரு நடை போய்வாருங்கள். டொராண்டோப் பூங்காக்களில் குதிரைச் செஸ்நட் என்னும் மரம் நிறைய உண்டு. தரையில் பளபளக்கும் பழுப்புக் கொட்டைகள் கிடந்தால் நிமிர்ந்து பாருங்கள். கைக்கெட்டும் கிளை ஒன்றைப் பிடித்து அருகில் வைத்துப் பார்த்தால், இலை கழன்ற இடத்தில் லாடத்தின் வடிவில் ஒரு தழும்பும், அதில் ஆணி அடித்தது போலச் சில புள்ளிகளும் தெரியும். அந்தப் புள்ளிகள், மீட்கப்பட்ட பொருள்கள் கிளைக்குள் வந்த குழாய்கள் அறுபட்ட முனைகள். இலையே இல்லாத குளிர்காலத்தில் மரம் எது என்று அடையாளம் காண நாங்கள் பார்ப்பது இத்தகைய தழும்புகளைத்தான், ஏனென்றால் ஒவ்வொரு மரத்துக்கும் தழும்பின் வடிவம் வேறு. கிளையின் நுனியில் ஒரு பெரிய மொட்டு இருக்கும், விரலால் தொட்டால் பிசின் ஒட்டும். கையுறையைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள், கையுறையோடு தொட்டால் அந்தப் பிசின் துணியிலிருந்து எளிதில் போகாது.